பார்த்ததை மட்டும் சொல்லுங்க

என் மனைவி என்னை ‘சார்’ என்று கூப்பிட்டால் கையில் இருப்பதை அப்படியே கீழே வைத்துவிடுவேன். வீட்டில் அவளுக்கு நான் ‘நீ’. மனசு நிறைந்திருந்தால் ‘டேய்’. கட்டிய புருஷனை டேய் போட்டுக் கூப்பிடுகிறாளே என்று அத்தை, அதாவது அவளைப் பெற்றவர், ஆரம்பத்தில் தலையில் அடித்துக்கொண்டார். இப்போது அவருக்கும் பழகிவிட்டது.

‘சார்’ என்பது அவள் வேலை பார்க்கும் இடத்துச் சொல். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வேண்டும் என்று யாராவது போன் செய்தால் எடுத்துப் பேசுகிறவர்களில் அவளும் ஒருத்தி. ஏழு வருஷமாகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் அலறுகிறவர்களிடம், “சார், நீங்க எங்க இருக்கீங்கன்னு மட்டும் முதல்ல சொல்லுங்க” என்று கேட்பதுதான் வேலை. கூரையே இடிந்து விழுந்தாலும் அந்தக் குரல் ஒரு நூல் ஏறாது, ஒரு நூல் இறங்காது. அந்தக் குரலில் அவள் என்னைக் கூப்பிட்டால், நான் அலறிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

நான் அலறுகிற ஆள் இல்லை. கோபம் வரும், அது வேறு கதை. வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். வீடு வீடாகப் போய்ப் பிறத்தியார் அழுக்குத் துணிக்கு நடுவில் முட்டி போட்டு உட்காருகிறவனுக்குக் கொஞ்சமாவது கோபம் வராவிட்டால் அவன் மனுஷனே இல்லை.

அவளுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, ஆஸ்பத்திரியில் முதல் பிரசவக்காரர்களுக்கு வகுப்பு நடக்கிறது, தம்பதியாக வர வேண்டும் என்றாள். நான்கு சனிக்கிழமை, மூன்று மணியிலிருந்து ஐந்து வரை. பிள்ளை பெறுவதற்கு வகுப்பா என்று எகிறினேன். அவள் அசரவில்லை. வாஷிங் மெஷினுக்கே புத்தகம் கொடுக்கிறான், அதை எவனும் படிக்காததால்தானே உனக்குப் பிழைப்பு ஓடுகிறது என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மூன்றாவது மாடியில் பிசியோதெரபி அறை. நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு நீலப் பாய் விரித்திருந்தார்கள். மூலையில் ஆள் உட்காருகிற அளவுக்கு ஒரு ரப்பர் பந்து. மேஜைமேல் பிளாஸ்டிக்கில் செய்த இடுப்பெலும்பு, அதற்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்து ஒரு கண் போன பொம்மைக் குழந்தை. எங்களைத் தவிர ஐந்து ஜோடி. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஜோடி ஒன்று, சிஸ்டர் தும்மினால்கூட லேப்டாப்பில் எழுதிக்கொண்டது.

சிஸ்டர் என்றால் வகுப்பு எடுத்த நர்ஸ். இருபத்தைந்து வருஷமாகப் பிரசவம் பார்க்கிறவர், கழுத்தில் விளையாட்டு வாத்தியார் மாதிரி ஒரு விசில். அதை ஊதினால் வலி ஆரம்பம், மறுபடி ஊதினால் வலி முடிவு. அதனால் நான் அவருக்கு விசில் சிஸ்டர் என்று பெயர் வைத்தேன். முதல் நாளே சட்டத்தைச் சொல்லிவிட்டார். பிரசவ அறைக்குள் கூட ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். அந்த ஆள் நாலு வகுப்பும் வந்திருக்க வேண்டும். பிங்க் நிறத்தில் ஒரு படிவம் தருவோம், அதில் அந்த ஆளை எழுதிக் கடைசி வகுப்பன்று ஐந்து மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு மாற்ற முடியாது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த இடம் எனக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

வலி வந்தால் தாங்கிப் பழக ஒரு பயிற்சி வைத்தார். மனைவிமார் உள்ளங்கையில் ஒரு ஐஸ் கட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிஷம். பக்கத்தில் உட்கார்ந்து புருஷன் தைரியம் சொல்ல வேண்டும். விசில் ஊதினார். என் மனைவி கண்ணை மூடினாள். பதினைந்து வினாடியில் அவள் நெற்றி சுருங்கியது, உதட்டைக் கடித்தாள். எனக்கு என் தொழிலில் வாய் பழகிய ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

“ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லம்மா. இதோ முடிஞ்சிரும். ஒண்ணுமே இல்ல.”

நான் சொல்லச் சொல்ல என் குரல் மேலே போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. அவள் கண்ணைத் திறந்தாள். ஐஸ் தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது.

“சார், பதற்றப்படாதீங்க,” என்றாள். “முதல்ல நீங்க மூச்சு விடுங்க. நான் லைன்லதான் இருக்கேன்.”

அறை மொத்தமும் சிரித்தது. லேப்டாப்காரன் அதையும் எழுதிக்கொண்டான் என்று நினைக்கிறேன். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். விசில் சிஸ்டர் மட்டும் சிரிக்காமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

‘ஒண்ணுமில்ல’ என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மெஷினின் முதுகைக் கழற்றினால் பேரிங் துருப்பிடித்துத் தூளாகக் கொட்டும். பின்னாலேயே நின்றுகொண்டு அந்த வீட்டம்மா என்ன ஆச்சு என்று கேட்பார். ஒண்ணுமில்லம்மா, சின்ன வேலைதான் என்பேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வேன். இதைப் பொய் என்று நான் நினைத்ததே இல்லை. முதலுதவி என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் சனிக்கிழமை என் நாள். பொம்மைக்கு டயபர் மாட்டும் போட்டியில் நான்தான் முதல். டிரம்முக்குள் தலையை விட்டுக் கண் தெரியாமல் கிளிப் மாட்டுகிற கைக்கு டயபர் எம்மாத்திரம்? சிஸ்டர் என் பொம்மையைத் தூக்கிக் குலுக்கி, கழன்று விழவில்லை என்று எல்லோருக்கும் காட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே பேச்சுதான். அவள் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சரி, சரி என்றாள்.

மூன்றாம் சனிக்கிழமை அவளுடைய ரத்த வகை என்ன என்று சிஸ்டர் கேட்டார். ஃபைலைத் தூக்கிக்கொண்டு திரிவது என் பொறுப்பு. அவள் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தாள். ஃபைலைப் புரட்டினேன். ஸ்கேன் காகிதங்களுக்கு நடுவே பிங்க் படிவம் பூர்த்தியாகி இருந்தது. பிரசவ அறையில் உடன் இருப்பவர் என்ற இடத்தில் அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில் ‘யாரும் வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து, தேதி. தேதி முதல் சனிக்கிழமை. அதாவது ஐஸ் கட்டி அன்றைக்கே என் சீட்டு கிழிந்துவிட்டது. அது தெரியாமல் நான் பொம்மைக்கு டயபர் மாட்டிப் பீற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ரத்த வகையைச் சொன்னேன். வகுப்பு முடியும்வரை அடக்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாப்பில் வெடித்தேன். நான் என்ன ரோட்டில் போகிறவனா, இந்த ஃபைலைத் தூக்கத்தான் என்னைக் கட்டிக்கொண்டாயா, என் பிள்ளை பிறக்கும்போது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டுமா என்று அடுக்கினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நான் முடிக்கிறவரை பொறுத்திருந்தாள். அதுவும் அவள் தொழில்தான்.

“ஏழு வருஷமா நான் புருஷங்களைத்தான் சமாளிச்சிட்டு இருக்கேன்,” என்றாள். “வலி வந்த பொம்பளை யாரும் எனக்கு போன் பண்றதில்ல. புருஷன்தான் பண்ணுவான். அவன் கத்துவான், அழுவான், வீட்டு அட்ரஸே மறந்து போவான். அவனைத் தேத்தி, அவன் மூலமா அவளைப் பார்க்கணும். அன்னிக்கு ஒரு நாளாவது நான் யாரையும் தேத்தாம இருக்கணும். நீ உள்ள இருந்தா நான் உன்னையேதான் பார்த்துட்டு இருப்பேன்.”

பஸ் வந்தது. அவளுக்கு இடம் பிடித்து உட்கார வைத்துவிட்டு, கோபத்தில் நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவள் சொன்னது நியாயம்தான் என்று உள்ளுக்குள் தெரிந்தது. நியாயமாக இருப்பதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அத்தைக்கு போன் செய்து நியாயம் கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். சின்ன வயதில் ஊசி போட வந்த டாக்டரையே கதவுக்கு வெளியே நிற்க வைத்தவள் அவள் என்றார். “உங்களுக்காச்சும் எழுத்துல குடுத்திருக்கா மாப்பிள்ள. நான் கூட வரட்டுமான்னு கேட்டதுக்கு எனக்கு போன்லயே வேண்டாம்னுட்டா.” இது ஆறுதலா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை.

அந்த வாரம் ஒரு முடிவோடு இருந்தேன். நான் பதறுகிறவன் இல்லை என்று காட்டிவிட வேண்டும். வேலைக்குப் போன வீட்டில் எல்லாம் ஐஸ் கட்டி கேட்டு வாங்கினேன். டிரம் சுற்றுகிற நேரத்தில் அதைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் நிற்பேன். மூன்று நிமிஷம்வரை தாங்கினேன். வியாழக்கிழமை கை மரத்துப்போய், பிடித்திருந்த ஸ்பேனரைக் கால் பெருவிரல்மேல் போட்டுக்கொண்டேன். அந்த வீட்டு அம்மாவுக்கு என்னைப் பற்றி என்ன தோன்றியதோ, அடுத்த வாரம் வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வகுப்பில் ஐஸ் கொடுத்தது அவளுக்கு, எனக்கு இல்லை என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். முட்டாள்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

நான்காம் சனிக்கிழமை நொண்டிக்கொண்டு போனேன். கடைசி வகுப்பு என்பதால் சிஸ்டர் விளக்கை அணைத்து ஒரு படம் போட்டார். எங்கேயோ ஒரு பெண் பிரசவிக்கிற படம். லேப்டாப்காரன் லேப்டாப்பை மூடிவிட்டான். நான் கண்ணைத் திருப்பாமல் பார்த்தேன், பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியட்டும் என்றே பார்த்தேன். குழந்தை வெளியே வந்தது. சத்தம் இல்லை. டாக்டரின் கைகள் மட்டும் வேகமாக அசைந்தன. நாலு வினாடி, ஐந்து வினாடி. சில குழந்தைகள் உடனே அழாது, கொஞ்ச நேரம் எடுக்கும், பயப்பட வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் பக்கத்துப் பாய் காலியாக இருந்தது.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை கைப்பிடிக் கம்பியில், ஒரு கை வயிற்றில். நான் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, கேட்கத் தைரியம் வரவில்லை. அவளாகச் சொன்னாள்.

மூன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் வந்த போன் கால் அது. வண்டி வருவதற்குள் வீட்டிலேயே குழந்தை பிறந்துவிட்டது. புருஷன்தான் பேசினான், போன் ஸ்பீக்கரில் இருந்தது, பக்கத்திலேயே அந்தப் பெண். குழந்தை அழுகிறதா என்று இவள் கேட்டாள். ஒண்ணுமில்ல மேடம், நல்லாத்தான் இருக்கு என்றான். இவள் காதில் அழுகை விழவில்லை. என்ன நிறத்தில் இருக்கிறது, அசைகிறதா, பார்த்ததை மட்டும் சொல்லுங்க சார் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நல்லா இருக்கு மேடம், ஒண்ணுமில்ல என்றே சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து ரகசியமாக, அசையவே இல்ல மேடம் என்றான். பொண்டாட்டி காதில் விழும்படி அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

“ரெண்டு நிமிஷம் போயிருச்சு,” என்றாள். “எதிர்ல கடிகாரம் ஓடிட்டே இருந்துது. அந்த ரெண்டு நிமிஷத்துல நான் என்னென்னவோ சொல்லித் தந்திருப்பேன். அப்புறம் சொன்னேன். துணியால துடைக்கச் சொன்னேன், முதுகைத் தேய்க்கச் சொன்னேன், வாயில மெதுவா ஊதச் சொன்னேன். எல்லாம் செஞ்சான். ‘மேடம் வண்டி வந்துருச்சு’ன்னான். லைன் கட்.”

“அப்புறம்?”

“அப்புறம்னு ஒண்ணு எனக்குக் கிடையாது. வண்டி வந்துட்டா என் வேலை முடிஞ்சுது, அடுத்த கால் வந்துரும். முப்பத்தி நாலு குழந்தைங்க பிறக்கும்போது நான் லைன்ல இருந்திருக்கேன். ஒண்ணோட முகமும் தெரியாது. பாதிப் பேர் ஆணா பொண்ணான்னுகூடத் தெரியாது. அந்தக் குழந்தை என்னாச்சுன்னும் தெரியாது.”

அவள் அழுகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அப்படியென்றால் எங்கள் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. தினமும் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு இதைச் சுமந்திருக்கிறாள், நான் தினமும் அவளிடம் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

“அந்த ஆள் மேல எனக்குக் கோவமே வரல,” என்றாள். “பாவம், அவ பயப்படக் கூடாதுன்னுதான் சொன்னான். நல்லவன். உன்ன மாதிரியே. அதான் எனக்கு பயமா இருக்கு. அங்க படுத்திருக்கறப்ப எனக்கு எதுவும் தெரியாது. காதுல விழறதை வெச்சுத்தான் எல்லாம். நீ ஒண்ணுமில்லன்னு சொன்னா, நிஜமாவே ஒண்ணுமில்லையா, இல்ல என்னமோ ஆயிருச்சான்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? அதுக்கு யாருமே இல்லாம இருக்கலாம்.”

ஒண்ணுமில்லம்மா என்று சொல்ல வாய் பாதி திறந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அது தவிர என்னிடம் வேறு வார்த்தையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். ஏழு மாதமாகவே பயமாக இருக்கிறது, உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று வேலை செய்யும் இடத்தில் எல்லாம் நினைத்துக்கொள்கிறேன் என்றேன். சொல்லி முடித்ததும், அடி வாங்கப் போகிற பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இதை ஏன் இவ்வளவு நாளா சொல்லல?”

“நீ பயப்படுவேன்னு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, இப்போது உனக்கு என்ன தெரிகிறது, பார்த்ததை மட்டும் சொல்லு என்றாள். சோதனை வைக்கிறாள் என்று புரிந்தது. மெஷினைத் திறந்து பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

“படி. சிமென்ட் படி, ஓரம் உடைஞ்சிருக்கு. உன் கால் ரெண்டும் வீங்கியிருக்கு. இடது கால்ல செருப்பு வார் பதிஞ்சு கோடு விழுந்திருக்கு. கண்ணு செவந்திருக்கு. சுடிதார்ல ரெண்டு இடத்துல ஈரம்.”

“கால் ரொம்ப வீங்கியிருக்கா?”

ஒரு கணம் யோசித்தேன். “போன வாரத்தைவிட அதிகமா வீங்கியிருக்கு. சிஸ்டர்கிட்ட காட்டணும்.”

கம்பியைப் பிடித்து எழுந்தாள், நான் கை கொடுத்தேன். அறைக்குள் மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மணி ஐந்தாகப் போகிறது, படிவம் எங்கே என்று சிஸ்டர் கேட்டார். ஃபைலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். என் மனைவி அதை வாங்கி மேஜையில் வைத்தாள். புதுப் படிவம் இருக்கிறதா என்று கேட்டாள். தீர்ந்துவிட்டது, அடித்து எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போடு என்றார் சிஸ்டர். ‘யாரும் வேண்டாம்’ என்பதைக் குறுக்கே அடித்தாள். அதன் தலைக்கு மேல், இடம் போதாமல் நெருக்கி நெருக்கி, என் பெயரையும் ‘கணவர்’ என்பதையும் எழுதினாள்.

“ஒரே ஒரு தடவை,” என்றாள் என்னிடம். “ஒரே ஒரு தடவை ‘ஒண்ணுமில்ல’ன்னு உன் வாயில வந்துதுன்னா, சிஸ்டர்கிட்ட சொல்லி உன்னை வெளியில அனுப்பிருவேன்.”

“நானே கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிடுறேன்மா,” என்றார் சிஸ்டர். அவர் சொன்னால் செய்வார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டால் பைத்தியம் என்பீர்கள். அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொள்வாள். ஜன்னலில் என்ன தெரிகிறது என்று கேட்பாள். நல்ல வெயில் என்பேன். ‘நல்ல’ வேண்டாம் என்பாள். வெயில் என்பேன். தொழிலிலும் அதையே கடைப்பிடித்தேன். பேரிங் போய்விட்டது, டிரம் ஆடுகிறது, உள்ளே துரு என்று பட்டென்று சொன்னேன். ஒருவர் கோபித்துக்கொண்டு அனுப்பிவிட்டார். மற்றபடி எல்லோரும், அப்படியா, சரி, என்ன செய்யலாம் சொல்லுங்க என்றார்கள். இத்தனை வருஷம் யாருக்கு முதலுதவி செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மாதம் நிறைந்து ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வலி எடுத்தது. கால் வீக்கம் கூடியிருந்ததால் சிஸ்டர் அவளை முந்தின நாளே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டிருந்தார். அத்தை வெளியே பெஞ்சில். எனக்குப் பச்சை அங்கி, தலைக்கு ஒரு குல்லா. என்னைப் பார்த்து அந்த வலியிலும், காய்கறிக் கடையில் வைத்த முட்டைக்கோஸ் மாதிரி இருக்கிறாய் என்றாள். அதுதான் அன்றைக்கு அவள் கடைசியாகச் சொன்ன ஜோக்.

பகல் முழுவதும் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். படுக்கைக்குப் பின்னால் இருந்த மெஷினில் வலிக்கு ஒரு கோடு ஓடியது. அது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கோடு ஏறுது. இன்னும் ஏறுது. நின்னுருச்சு. இறங்குது. இறங்குதா என்று கேட்பாள். இறங்குது என்பேன். அவள் என்னை நம்பி மூச்சு விட்டாள். என் கைவிரல்களை அவள் நசுக்கியதில் மோதிர விரல் இன்றைக்கும் சரியாக மடங்கவில்லை, அதைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. மூன்று மணி சுமாருக்கு டாக்டரம்மா வந்தார். விசில் சிஸ்டர் விசில் இல்லாமல் நின்றார். முக்கச் சொன்னார்கள், முக்கினாள். தலை தெரியுது என்றேன். முடி இருக்கு, கறுப்பா இருக்கு என்றேன். மூன்று மணி இருபத்திரண்டு நிமிஷத்துக்குக் குழந்தை வெளியே வந்தது.

சத்தம் இல்லை.

டாக்டரம்மாவின் கைகள் வேகமாக அசைந்தன, படத்தில் பார்த்த மாதிரியே. குழந்தையைப் பக்கத்து மேஜையில் விளக்குக்கு அடியில் வைத்தார்கள். ஒண்ணுமில்ல என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. பிரியத்தால்தான் வந்தது, சத்தியமாகப் பிரியத்தால்தான். அவள் தலையணையில் கிடந்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார்,” என்றாள். ஒரு நூல் ஏறாத, ஒரு நூல் இறங்காத அந்தக் குரல். “என்ன தெரியுது, சொல்லுங்க.”

“பொண்ணு,” என்றேன். “நீலமா இருக்கா. அழல. டாக்டர் துணியால துடைக்கறாங்க. கை தொங்குது. இன்னும் அழல. சிஸ்டர் வாய்க்குள்ள குழாய் விட்டு உறிஞ்சறாங்க. முதுகைத் தேய்க்கறாங்க. உள்ளங்காலைச் சுண்டறாங்க. அசையல. முகத்துல சின்ன மூடி வெச்சுக் காத்தை அமுக்கறாங்க. நெஞ்சு ஏறுது. இறங்குது. மறுபடி ஏறுது.”

“நிறம்?”

“நீலம்தான். இல்ல, இரு. நெஞ்சு மட்டும் செவக்குது. வயிறும் செவக்குது. வலது கால் கட்டை விரல் அசைஞ்சுது. நான் பார்த்தேன். மறுபடி அசையுது. மூடியை எடுக்கறாங்க. முகத்தைச் சுளிக்கறா. வாயைத் திறக்கறா.”

அழுதாள். அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம். அழறா என்று நானும் சொன்னேன், அறை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்ததை. சிஸ்டர் குல்லாவைத் தள்ளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். என் மனைவி கண்ணை மூடினாள். இரண்டு பக்கமும் கண்ணீர் காதுக்குள் ஓடியது. நான் குல்லாவும் அங்கியுமாக நின்று தேம்பிக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அவள் என் அங்கியைப் பிடித்து இழுத்தாள்.

“டேய்,” என்றாள். “அப்புறம்?”

மூக்கைத் துடைத்துக்கொண்டு விளக்குப் பக்கம் திரும்பினேன்.

“எடை போடறாங்க. ரெண்டு கிலோ எண்ணூறு. கையில பட்டை கட்டறாங்க. காது ரெண்டும் உன்னுது. மூக்கு என்னுது, பாவம்.”

“அப்புறம்?”

“துணியில சுத்தறாங்க. சிஸ்டர் தூக்கறாங்க. இந்தப் பக்கம் திரும்பறாங்க.”

“அப்புறம்?”

“உன்கிட்ட கொண்டு வர்றாங்க.”